காஜியாவின் மகன்

பரிஜாத்துக்கு முன்பற்கள் நான்கும் போய்விட்டன. காய்ந்த ஆட்டிறைச்சியைக் கடிக்க முடியாது. சில நாட்களாக அவள் கிண்ணத்தில் இறைச்சி பஞ்சாக நசுங்கிக் கிடந்தது.

“யாருடா இதை நசுக்குனது?”

“பூனையா இருக்கும்,” என்றான் இத்ரீஸ். அப்போது அவனுக்கு வயது ஆறு.

“நம்ம பூனை எப்பலேருந்து கல்லைத் தூக்குது?”

அவன் சிரிக்காமல் சுவரைப் பார்த்தான்.

இத்ரீஸைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட, பரிஜாத்தான் பால் கொடுத்து வளர்த்தாள்; அவளைத்தான் அவன் உம்மா என்று கூப்பிடுவான். தகப்பன் காஜியாவ், ருஷ்ய ஜார் மன்னனின் படையை எதிர்த்து நின்ற மலைக்காரர்களின் தலைவர். நாலு பேர் முன்னால் தன் பிள்ளையைத் தொடுவதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அந்த மலையில் ஆண்பிள்ளைக்கு வெட்கம். காஜியாவ் ஒருநாளும் அவனைத் தொட்டதில்லை.

இத்ரீஸின் எட்டாம் வயதில் படை வந்து மலையை வளைத்து ஊற்றை மறித்துக்கொண்டது. பத்து நாளில் கைக்குழந்தைகள் நாக்கு வறண்டு சாகத் தொடங்கின. தலைவர் மகனைப் பிணையாகக் கொடுத்தால் தண்ணீர் விடுவதாகச் சொன்னான் தளபதி. காஜியாவ் சம்மதித்தார்.

ஒப்படைத்த இடத்தில் அவர் பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை. குதிரையேறிப் போய்விட்டார். தளபதிக்குச் சந்தேகம் தட்டியது. உடன் வந்த பரிஜாத்தை, மொழி தெரிந்த ஒருவனை வைத்து அதட்டினான்.

“பெத்த பிள்ளைய அனுப்புற லட்சணமா இது? எவனோ இடையன் மகனுக்கு நல்ல சட்டை மாட்டிக் கொண்டாந்திருக்கீங்க!”

ஆயுசில் பொய் சொல்லாதவள் அவள். அல்லாஹ்வே, இந்த ஒன்றை மன்னித்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

“ஆமாய்யா. இவன் தலைவர் மகன் இல்ல. விட்டுடுங்க.”

“அப்ப தண்ணியும் இல்ல.”

இத்ரீஸ் முன்னால் வந்து நின்றான். “உம்மா பயத்துல உளறுது. நான் காஜியாவ் மகன்தான். ஊத்தைத் திறங்க.”

அவன் நின்ற நிற்பிலேயே தளபதி நம்பிவிட்டான். பரிஜாத் அவனை ஏற்றிய குதிரையின் காலைக் கட்டிக்கொண்டாள். இழுத்துத் தள்ளினார்கள். அன்று ஊரே தண்ணீர் குடித்தது. அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வடக்கே ஏதோ பனி நகரத்துப் பள்ளியில் அவனை வைத்திருந்தார்கள். இரண்டாவது குளிரில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான் என்று கடிதம் வந்தது. உடல் வரவில்லை. யார் குளிப்பாட்டினார்களோ, யாராவது தொழுதார்களோ, அதுவும் தெரியாது.

அன்று காஜியாவ் தனியாக அவள் வாசலுக்கு வந்து நின்றார்.

“இத்ரீஸ்… கடைசியா ஏதாச்சும் சொன்னானா?”

அந்தப் பெயரை அவர் வாயால் அவள் கேட்டது அன்றுதான். தகப்பனிடம் பிள்ளைப் பேச்சை எடுக்கக் கூடாதென்று இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை அழுதுகொண்டே சொன்னாள். குதிரைமேல் தூக்கி வைத்தபோது அவன் குனிந்து சொன்னது:

“வாப்பா போறப்ப எனக்குத் திரும்பிப் பாக்கணும் போலத்தான் இருந்துச்சு உம்மா. அவர மாதிரியே நானும் பாக்கல. அவர்கிட்ட சொல்லிடு.”