அஞ்சு கூடை சங்கராவும் என் ரெண்டு கையும்

ஈசிஆர்ல ஒரு ஓட்டலோட பின்வாசல்ல அஞ்சு கூடை சங்கரா மீனு வந்து எறங்குது. வாங்கிக்க வந்த செஃப் கையில ஒரே ஒரு பேசின். அவரு கேட்டது அஞ்சு கிலோ!

சக பாவிகளே, ப்ராடக்ட் மேனேஜர் பொழப்பு இதான். ஆப் எப்படி இருக்கணும்னு சொல்லணும், கொஞ்சம் வேலைய நாமளே செய்யணும், மிச்சத்த டீமுக்குப் பழக்கி வுடணும். எது கொஞ்சம், எது மிச்சம்னு மட்டும் எவனும் சொல்லமாட்டான்.

எங்க ஆப் சிம்பிள். கோவளத்துல படகு கரைக்கு வந்ததும், இன்னா மீனு கீதுன்னு படகுக்காரங்க அதுல போடுவாங்க. ஓட்டலுங்க பார்த்து ஆர்டர் பண்ணும். ஆபீசு கூடுவாஞ்சேரில, ஒரு பைக் ஷோரூமுக்கு மேல. ஜெனிபர் கோடு எழுதுவா. படாளத்துக்காரன் தணிகா, கரையில நின்னு படகுக்காரங்களுக்கு ஆப்ப பழக்குவான். ரெண்டு பேருக்கும் மேல நான். முன்னாடி நானே கோடு எழுதிகினு இருந்தவன். அதான் பேஜாரு!

கரையில மீனு கூடைக்கணக்குல ஏலம் போவும். ஓட்டல்காரங்களுக்கு கிலோதான் தெரியும். ரெண்டு பக்கத்தையும் சேர்த்து மாத்தித் தரேன்னு ஜெனிபர் பொறுமையா செஞ்சிகினு இருந்தா. நமக்கு ஏது பொறுமை? ட்ரெயின்ல ஒக்காந்துகினு, ஓட்டல் பக்கத்த மட்டும் கிலோன்னு மாத்தி ஆப்ல ஏத்திட்டேன். படகுப் பக்கம் கூடைன்னே நின்னுச்சு. அஞ்சுன்னா அவங்களுக்கு அஞ்சு கூடை!

செஃப் கூடைங்களப் பார்த்தாரு, சேதி கேட்டு ஓடிப் போயி நின்ன என்னப் பார்த்தாரு. "தம்பி, இன்னிக்குக் கல்யாணம் எங்க ஓட்டல்லியா, உங்க வூட்லியா?"

அந்தோணி அண்ணாத்த கோர்ட்டு

மீனு, படகுக்காரரு அந்தோணி அண்ணாத்தயோடது. அது திரும்பி வர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சு கரையே காலி. அவரு ரோட்டோரமா நின்னு கூவிக் கூவி வித்தாரு. கோவளத்துல பாதி படகு அவரு பேச்சக் கேட்டுத்தான் எங்க ஆப்ல கீது. எங்களுக்குக் கோவளத்த வுட்டா வேற கரையும் கெடையாது. அவரு வேணாம்னா, ஷோரூம்காரன் மாடிய வேற யாருக்காவது வாடகைக்கு வுட வேண்டியதுதான்.

மூணு பேரும் போயி நின்னோம். "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சரியா ஓட்டிக் காட்டு. இல்லாங்காட்டி எல்லாரும் ஆப்ப அழிச்சுட்டுப் பூடுவோம்"னாரு. "அண்ணாத்த, நானே இன்னிக்கே மாத்தி..."ன்னு ஆரம்பிச்சேன். கைய நீட்டி ஜெனிபரக் காட்டினாரு.

"நீ எதையும் தொடாத நைனா. அந்தப் பொண்ணு காட்டட்டும். நீ வேணும்னா டீ வாங்கினு வா."

நீ இன்னா நெனைக்கிற?

கம்பெனி நடத்துற மேடம் என்னக் கூப்புட்டு, "இனிமே நீ செய்யாத, கோச் பண்ணு"ன்னாங்க. வேற எது வேணா சொல்லுங்க, புதுசா ஒண்ணு கத்துக்கடான்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. நான் வெறியாயிடுவேன்! அன்னிக்கே நாலு வீடியோ பார்த்தேன். நல்ல கோச் பதில் சொல்லமாட்டானாம், கேள்விதான் கேப்பானாம். (இருங்க, மீட்டிங் கூப்புடறாங்க... வந்துட்டேன். மூணு பேர் பேசி, நாளைக்குப் பேசலாம்னு முடிவு பண்ணோம்.)

மறுநாள் ஜெனிபர் ஓடி வந்தா. "ண்ணா, சர்வர் டவுன்." நான் சேர்ல சாஞ்சு, தாடையத் தடவிகினு, "அதப்பத்தி நீ இன்னா நெனைக்கிற?"ன்னு கேட்டேன். "ண்ணா, ஓட்டலுங்க எல்லாம் போன் மேல போன்." "சரி. இத எப்படி அணுகலாம்?"

அவ என்ன மொறைச்சுகினே சொன்னா: "டவுனா கீதுன்னு நெனைக்கிறேன். பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டுந்தான் கீதுன்னும் நெனைக்கிறேன்."

தணிகா க்ளாசு

தணிகா எப்படிப் பழக்குறான்னு பார்க்கக் கரைக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான், சத்தியமா! ஒரு படகுக்காரரு போன கையில வச்சிகினு எங்க அமுக்கறதுன்னு தேடறாரு. தணிகா பக்கத்துல நின்னு கடலைப் பார்த்துகினு கீறான். தேடறாரு... தேடறாரு... என்னால முடியல. போனப் புடுங்கி, டக்கு டக்குன்னு நானே போட்டுக் குடுத்தேன். அவரு "சூப்பர் சார்"னாரு. அப்படியே அடுத்தவரு, அதுக்கடுத்தவரு. கரையில எனக்கு ஒரு க்யூவே நின்னுச்சு. கோச்சிங்னா இதுடான்னு தணிகாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மச்சான், நாளைலேர்ந்து இவங்க எல்லாரும் நீ வந்து போடுவன்னு ஒக்காந்துகினு இருப்பாங்க. நீயே வந்துடு, நான் படாளத்துல நாத்து நடப் போறேன்."

சனிக்கிழமை

முக்காவாசிப் படகுக்காரங்க வந்துட்டாங்க. அந்தோணி அண்ணாத்த போன கையில புடிச்சு, ஆப்ப அழிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே வெரல வச்சிகினு நின்னாரு. ஜெனிபர் காட்டினா. ஓட்டல்ல கிலோன்னு கேட்டா, படகுக்குக் கூடைன்னும் கிலோன்னும் சேர்ந்தே தெரிஞ்சிது. எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு.

அப்பத்தான் ஒருத்தரு சிரிச்சாரு. "யம்மா, அண்ணாத்த கூடையும் என் கூடையும் ஒண்ணா? அவருது குளிக்கிற தொட்டி மாதிரி கீது!" எல்லாக் கூடையும் ஒரே எடைன்னு ஜெனிபர் கணக்குப் போட்டிருந்தா. கூட்டமே சிரிக்குது. அண்ணாத்த வெரலு அசையுது. எப்படி சரி பண்றதுன்னு எனக்குத் தெரியும்! ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியா எடை போட்டாப் போதும், பத்து வரி கோடு! லேப்டாப் பைய தொறந்தே புட்டேன்.

"ஜெனி, நீ... நீ இன்னா பண்ணப் போற?"ன்னு கேட்டேன். வீடியோல சொன்னாங்கன்னு கேக்கல. நெஜமாவே கேட்டேன்.

அவ என் பையப் பார்த்தா. "அத மூடுங்கண்ணா. ஒவ்வொரு படகோட கூடையையும் ஒரு வாட்டி எடை போட்டு அவங்கவங்க பேர்ல ஏத்திடறேன். தணிகா தராசு வாங்கிகினு வரட்டும். நீங்க கூடையத் தூக்கி வைங்க."

தூக்கினேன் சார்! ஈரக் கூடை, மீன் தண்ணி சட்டையெல்லாம் ஊத்துது, வாயத் தொறக்காம ஒவ்வொண்ணா தராசுல வச்சேன். நான் வைக்க, தணிகா எடையப் படிக்க, மணல்ல ஒக்காந்துகினே அவ கோடு எழுதி ஏத்தினா. கொஞ்ச நேரத்துல ஒரு ஓட்டல்லேர்ந்து நெஜ ஆர்டரே வந்துச்சு. அண்ணாத்த படிச்சாரு, தன்னோட கூடையப் பார்த்தாரு, திரும்பப் படிச்சாரு. போன சட்டைப் பையில போட்டுக்கினாரு. ஆப்ப அழிக்கல, போனுக்குள்ளயேதான் கீது!

ஜெனிபரக் கூப்புட்டு, என்ன மேலயும் கீழயும் பார்த்துகினே சொன்னாரு: "ஆப் இருக்கட்டும்மா. இந்த ஆளு கூடை நல்லா தூக்குறான், நாளைக்கும் அனுப்பு."

ஆக மொத்தம் சக பாவிகளே, மேனேஜர் தாராளமா கையால வேலை செய்யலாம், எந்த வேலைன்னு டீமு சொல்ற வரைக்கும் அந்தக் கைய எங்க வச்சிக்கறதுன்றதுதான் இன்னும் எனக்குப் புரியல.