ஓரத்தில் எழுதியிருந்த பெயர்கள்

தரமணியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒருமுறை ஒரு பழைய கோயிலின் பதிவேடுகள் வந்தன. மெக்சிகோவும் அமெரிக்காவும் சந்திக்கும் பாலைவனத்தில், ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார்கள் கட்டிய மாதா கோயில் அது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று அவர்கள் கையால் எழுதிய பக்கங்களை, அங்கிருந்த ஓர் ஆவணக் காப்பகம் படம் பிடித்து அனுப்பியிருந்தது. அவற்றைப் படித்துக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. தி. நகர் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் கற்றிருந்ததால் என்னைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள்.

ஏற்ற ஏற்ற அந்த ஊரின் கதை தானாகப் புலப்பட்டது. பாதிரியார்கள் மாடுகளோடும் கோதுமை விதையோடும் வந்திருக்கிறார்கள். பாலைவனத்தில் சிதறி வாழ்ந்த மக்களைக் கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தியிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஞானஸ்நானம்தான் பக்கம் பக்கமாக. பிறகு அம்மை வருகிறது. ஒரே வாரத்தில், ஒரே கையெழுத்தில், வரிசையாகக் குழந்தைகளின் அடக்கம். ஒருமுறை பாதி ஊர் மலைக்கு ஓடிப்போகிறது. பிடித்து வரப்பட்டவர்களின் பெயர்கள் மறுபடி ஏட்டில் தலைகாட்டுகின்றன. கடைசிப் பக்கங்களில் பாதிரியாரே எப்போதாவதுதான் வந்து போகிறார்.

அந்த மக்கள் எல்லோருக்கும் ஸ்பானிஷ் பெயர்தான். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. மயிலாப்பூரில் போர்த்துகீசியர் காலத்திலிருந்து இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. குடும்பப் பெயரும் போர்த்துகீசியம். அதற்கு முன்னால் எங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதாகவும் நினைவில்லை.

எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு தோழி இருந்தாள். வேளச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். வீட்டில் உருது, வெளியே அசல் மெட்ராஸ் தமிழ். மதியம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். ஒருநாள் அவள் என் தோளைத் தட்டினாள்.

“ஏய், இங்க பாரேன். ஓரத்துல சின்னதா இன்னாவோ எழுதிக்கீது.”

பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரே ஒரு பாதிரியார், தான் இருந்த காலம் முழுக்க, ஒவ்வொரு குழந்தைக்கும் நேராக விளிம்பில் ‘தாய் அழைக்கும் பெயர்’ என்று எழுதி, காதில் விழுந்தபடி ஒரு சொல்லைக் குறித்து வைத்திருந்தார். தோழி ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து குறிப்புப் பெட்டியில் அவற்றையும் ஏற்றினாள். ஆனால் காப்பகம் கொடுத்த படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை. சோதனையில் எல்லாம் பிழையென்று திரும்பி வந்தன. குழு பின்தங்கியது. மேலேயிருந்து என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

“அதெல்லாம் எடுத்துடு,” என்றேன்.

“எடுத்துட்டா அப்புறம் யாருக்குத் தெரியும்?”

“படம் அவங்ககிட்டதானே இருக்கு? வேணும்னா பாத்துப்பாங்க.”

“ஒரு கட்டம் சேத்துக்கலாமான்னு ஒரு மெயில் போட்டுக் கேளேன்.”

“கேட்டா இன்னும் ஒரு வாரம் இழுக்கும்.”

“அப்ப நீயே எடுத்துக்கோ. என் கையால எடுக்க மாட்டேன்.”

அவள் டீ குடிக்கப் போயிருந்தபோது அந்தக் குறிப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தவள் திரையைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைத் திறந்தாள். மறுநாள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். இரண்டு மாதத்தில் வேறு வேலைக்கும் போய்விட்டாள்.

ஒன்றரை ஆண்டு கழித்துக் காப்பகத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. அந்தப் பாலைவன மக்களில் ஒரு வயதான பெண் எழுதிக் கேட்டிருந்தாராம். தன் முன்னோர்களில் ஒருத்தியின் ஞானஸ்நானப் பெயரும், அவள் தாயின் பெயரும் ஊரும் தெரியும். தங்கள் மொழியில் அவள் பெயர் என்ன, பதிவில் இருக்கிறதா என்று. நீங்கள் ஏற்றியதில் அப்படி ஏதும் இல்லையே, உறுதி செய்ய முடியுமா என்று காப்பகம் கேட்டது.

‘இல்லை’ என்று பதில் போட்டேன். நாங்கள் ஏற்றியதில் இல்லைதானே. அந்த வாக்கியம் பொய்யில்லை என்று மூன்று நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் நடந்ததை முழுக்க எழுதி, படங்களை மறுபடி அனுப்பக் கேட்டேன். எங்களிடமிருந்த படங்களை வேலை முடிந்ததும் அழித்திருந்தோம். அனுமதி கிடைக்க எட்டு மாதம் ஆனது. அந்தப் பாதிரியாரின் காலத்துப் பக்கங்கள் மட்டும் வந்தன. அதே ஞானஸ்நானப் பெயரில் ஏகப்பட்ட பெண்குழந்தைகள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பூசை முடிந்து வந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தாய் பெயரையும் ஊரையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். மூன்று அசைப் பெயர். உடனே அனுப்பினேன்.

எழுதிக் கேட்டிருந்த அந்த வயதான பெண்ணின் மகள் பதில் எழுதினாள். அம்மா போன மாதம் இறந்துவிட்டார். காப்பகம் முதலில் சொன்ன ‘இல்லை’ மட்டும்தான் அவருக்குத் தெரியும். உறுதியாகும்வரை வேறெதுவும் சொல்லவேண்டாம் என்று வைத்திருந்தார்களாம். ‘பெயரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், நன்றி’ என்று முடித்திருந்தாள். கோபமாக இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தோழியைப் போனில் கூப்பிட்டேன். பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

“பேரு இன்னா?” என்றாள்.

சொன்னேன். அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“மத்த பிள்ளைங்க பேருலாம்?”

“படத்துல இருக்கு. எல்லாத்தையும் நானே ஏத்தித் தரேன்னு காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“சொன்னா எனக்கும் சொல்லு,” என்றாள். பிள்ளைக்குச் சோறு போடவேண்டும் என்று வைத்துவிட்டாள். அது ஜூன் மாதம். இதுவரை காப்பகத்திலிருந்து பதில் வரவில்லை. அவளைக் கூப்பிட எனக்கும் காரணம் கிடைக்கவில்லை.