லென்ஸ் நேரா உட்காரணும், ஆண்டவரே

கண் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பயம் ஆபரேஷன் அன்றைக்கு. கட்டுப் பிரிக்கிற நர்ஸான எனக்குப் பயம் மறுநாள் காலை எட்டு மணிக்கு. மேலதிகாரி கூப்பிட்டாலே என்ன தப்புச் செய்தோமோ என்று யோசிக்கிற ரகமா நீங்கள்? அப்படியென்றால் நாம் சொந்தக்காரர்கள், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

விஷயம் இவ்வளவுதான். கண்ணுக்குள் புரை விழுந்த பழைய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள் பட்டாணி அகலத்தில் ஒரு புது லென்ஸை எங்கள் டாக்டரம்மா வைப்பார். தலையணை உறைக்குள் தலையணை மாதிரி அது நடுவில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததா இல்லையா என்று முதலில் தெரிவது கட்டுப் பிரிக்கிறவளுக்கு. என்னால் ஒரு கண் கெட்டுப் போய்விடுமோ என்று நினைத்து நினைத்தே எனக்குக் காலை இட்லி இறங்காது.

இரண்டு பேர்

தொண்ணூறுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பெருமுக்கல் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி ஒருவருக்குக் கட்டைப் பிரித்தேன். ஒரு விரலைக் காட்டினேன். "ரெண்டு" என்றார். மறுபடி காட்டினேன். மறுபடி ரெண்டு. நான்தான் கட்டை இறுக்கிக் கட்டிக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். லென்ஸ் கீழே சரிந்து, அதன் விளிம்பு கண்மணிக்கு நடுவில் நின்றது. பாதி வெளிச்சம் லென்ஸ் வழியாகவும் பாதி வெளியேயும் போனால் ஒன்று இரண்டாகத்தானே தெரியும்? அன்றைக்கே சரிசெய்துவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் அந்த விவசாயி தன் மனைவி இருந்த பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நேத்து வரைக்கும் ஒருத்தியே தெரில சிஸ்டர். இன்னிக்கு ரெண்டு பேரு நிக்கறாங்க. இதுல யார இட்டுக்கினு வீட்டுக்குப் போறது?"

ஓரத்தில் ஒருத்தி

டாக்டரம்மாவும் நானும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு மாறிய பிறகு ஒரு அம்மா வந்தார். எங்கள் மாதா கோயிலுக்குப் பூஜைக்கு வருகிறவர்தான். லென்ஸ் கன கச்சிதமாக நடுவில் இருந்தது, கடைசி வரி எழுத்துவரை வாசித்தார். ஆனால் காதுப் பக்கம் பிறை மாதிரி ஒரு கறுப்பு நிற்கிறது என்றார். திரும்பினால் அதுவும் திரும்புகிறதாம். செத்துப்போன மாமியார் என்று முடிவே கட்டிவிட்டார். ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை.

சிலருக்கு லென்ஸ் சரியான இடத்தில் இருந்தாலும் ஓரத்தில் இப்படி நிழல் விழும், பழகப் பழகப் போய்விடும் என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா நம்பவில்லை. நிஜத்தைச் சொன்னால், நானும் அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று மாதம் கழித்து வந்தார்: "மாமியா போய்ட்டாங்க சிஸ்டர். சொல்லிக்காம கொள்ளாம போய்ட்டாங்க, அதான் மனசுக்கு ஒரு மாதிரி கீது."

பேனா என் கையில்

அப்புறம் கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாத, சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கென்று ஒரு லென்ஸ் வந்தது. அது நடுவில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, குறித்த திசையைப் பார்த்தும் உட்கார வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் எழுத்துக்கு வால் முளைக்கும். ஆள் படுத்தால் கண் லேசாகச் சுழன்றுவிடும் என்பதால், நேராக உட்காரவைத்து, மரத்துப்போகிற சொட்டு விட்டு, கருவிழியின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் மையால் புள்ளி வைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது; அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் டாக்டரம்மா லென்ஸைத் திசை பிடித்து வைப்பார்.

விழுப்புரம் - திண்டிவனம் பஸ் ஓட்டுகிற ராமலிங்கம் வந்தார். கண்ணாடி போட்ட டிரைவரை அவர் முதலாளி நம்ப மாட்டாராம். கண் தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவாராம். அன்று பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். கட்டுப் பிரித்த இருபது வருஷ அனுபவம் வேறு. எனக்குப் பயமே இல்லை. மளமளவென்று புள்ளி வைத்தேன். அவர் சொன்னார்: "பாத்து வைங்க சிஸ்டர். ஸ்டியரிங்க வுட்டா எனக்கு வேற பொழப்பு தெரியாது."

சாய்ந்த தலை

மறுநாள் கட்டைப் பிரித்தேன். எழுத்துக்கெல்லாம் நிழல் அடிக்கிறது என்றார். "லென்ஸ் தானா திரும்பிடுச்சு போல பிலோமினா. மறுபடி புள்ளி வச்சிக் குடு, திருப்பி வச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. அப்பாடா, என் தப்பு இல்லை என்று வெளியே வந்தேன்.

பெஞ்சில் ராமலிங்கம் உட்கார்ந்திருந்தார். தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது, பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே புள்ளி வைத்திருக்கிறேன். லென்ஸ் திரும்பவில்லை, நான் கோணலாகக் காட்டிய இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

இந்த முறை நேராக வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் பேனாவோடு நின்றேன். நான் வாயைத் திறந்தது யோக்கியவதி என்பதால் இல்லை. அந்தக் கண்ணை மனசில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்ற பயத்தில்தான் திறந்தேன். டாக்டரம்மாவை வெளியே கூட்டிவந்து, ராமலிங்கம் எதிரிலேயே எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா அவர் தலையையும் என் பேனாவையும் பார்த்தார். பிறகு, "நீயே மறுபடி புள்ளி வை" என்றார்.

ராமலிங்கம் என்னையே பார்த்தார். இனி என்னைத் தொடவிட மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தை என் பக்கம் நீட்டினார்: "முப்பது வருசமா சாஞ்ச தலை சிஸ்டர், லேசுல நிமிராது. நல்லா இழுத்துப் புடிங்க."

இழுத்துப் பிடித்தேன். லென்ஸைத் திருப்பி வைத்த மறுநாள் கடைசி வரிவரை வாசித்தார். அடுத்த மாதம் அவர் பஸ்ஸிலேயே திண்டிவனம் போனேன். ஏறும்போதே சொன்னார்: "பின்னாடி போய் குந்துங்க சிஸ்டர். நீங்க பாத்துக்கினு இருந்தா தலைய நேரா வச்சிக்கினே ஓட்டணும், கழுத்து நோவுது."

ஆக, இத்தனை வருஷத்தில் நான் பயப்படாமல் வேலை பார்த்தது ஒரே ஒரு காலைதான், அதற்கே இந்தக் கதி.