பத்து இஞ்சு ஆறு நூல்

காளை எந்த அளவையும் மூன்று தடவை எடுப்பார். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் எழுதுவார். ஒத்தக்கடையில் பதினான்கு வருடமாகக் கிரில் பட்டறை வைத்திருக்கிறார்; அவர் செய்த கேட் ஒன்றுகூடப் பொருந்தாமல் திரும்பி வந்ததில்லை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றவர். தங்கை சுபலட்சுமி கட்டடக்கலையில் கடைசி வருடம். அளவு எடுக்கப் போகும் வீடுகளில், கேட்காதவர்களிடமும், "என் தங்கச்சி முழு வீட்டையே வரைஞ்சு குடுக்கும். நமக்குக் கேட்டு மட்டுந்தான்" என்று சொல்லிவிடுவார்.

அம்மா செல்லத்தாய் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறு முடியாமல் பட்டறை திறக்க முடியாது. மொட்டைத் தலையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் எழுந்தார்.

சுபாவின் கல்லூரியில் துக்கத்துக்காகப் பத்து நாள் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவள் தன் கட்டடத்தின் ஐந்து படங்களையும் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போய்விடும். வரைந்ததை வெயில் நிழலோடு படமாக்க, எட்டு வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கே ஏழு மணி நேரம் கேட்டது. பாதியில் அணைந்தும் போனது.

"கிராபிக்ஸ் கார்டு மாத்துனா ஓடும்ணே. மாட்டுத்தாவணி பக்கம் ஜெயபாண்டி கடையில செகண்ட்ஸ்ல ஒண்ணு இருக்கு. கரண்டு தாங்குமான்னு பாத்துட்டேன், தாங்கும். இந்தப் பெட்டிக்குள்ள நீளம் பத்துமான்னுதான் தெரியல. நீ அளந்து சொல்லு."

அவள் பக்கத்து மூடியைக் கழற்றினாள். காளை டேப்பை எடுத்து, பின்தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை மூன்று தடவை பிடித்தார். பத்து இஞ்சு ஆறு நூல். கடைக்குப் போன் போட்டு அதையே சொன்னார்.

"வாங்கண்ணே, கார்டை அளந்து வைக்கிறேன்" என்றான் ஜெயபாண்டி.

கடைக்குள் நுழைந்ததுமே அவன் சிரித்தான். "என்னண்ணே, பழனியா?"

"ஆமா."

"பஞ்சாமிர்தத்த எங்க?"

"தீந்துருச்சு."

"நல்லாருக்கே! நம்ம கண்ணுல காட்டாமலே முடிச்சாச்சு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் எழுந்து நிற்பான், எப்போது, எப்படி என்று கேட்பான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"சேராதுண்ணே. கார்டு எரநூத்தி எழுபத்திரெண்டு மில்லி. உங்க அளவு எரநூத்தி அறுபத்தொம்போதுதான் வருது. மூணு மில்லி இடிக்கும். இதையும் ஒருத்தர் அஞ்சு மணிக்கு வந்து பாக்குறேன்னிருக்காரு."

கணக்குப் போட்ட துண்டுச் சீட்டை நீட்டினான். வேறு நாளாக இருந்தால் காளை கார்டைக் கையில் வாங்கித் தானே அளந்திருப்பார். "சரி, வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் அந்தச் சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். 10.6, அதற்குக் கீழே ஒரு பெருக்கல். ஜன்னலில் யானைமலை வந்து போனது. கண் எண்களின் மேல் இருந்தது. மனம் எதன் மேலும் இல்லை. ஒத்தக்கடையில் இறங்கி நடக்கும்போது, சுபாவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "பத்து இஞ்சு ஆறு நூல்தான் இருக்கு, பத்தல."

நின்றுவிட்டார்.

இஞ்சுக்கு எட்டு நூல். ஆறு நூல் என்றால் முக்கால் இஞ்சு. அவன் பத்துப் புள்ளி ஆறு என்று போட்டிருக்கிறான். பட்டறைக்குப் புதிதாக வருகிறவன் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அது கண்முன்னே கிடந்தும் அவர் பிடிக்கவில்லை. மணி நாலேமுக்கால். எதிர்ப்பக்கம் போய், மாட்டுத்தாவணிக்கு வந்த பஸ்ஸில் ஏறினார்.

கடையில் அந்த இன்னொருவர் கார்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஜெயபாண்டி, இஞ்சுக்கு எத்தன நூலு?"

"பத்துதானண்ணே?"

"எட்டு."

அவன் கால்குலேட்டரைத் தட்டினான். "எரநூத்தி எழுபத்திமூணு வருது. உள்ள போகும்ணே, ஒரு மில்லி மிச்சம். மில்லியிலயே சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப இவருக்குப் பேசி முடிச்சுட்டனே."

"தங்கச்சிக்கு நாளைக்கு மதியம் கடைசி. எங்கம்மா செத்து பன்னெண்டு நாளாச்சு." அளவு சொல்லும் அதே குரலில்தான் சொன்னார்.

ஜெயபாண்டி எழுந்து நின்றான். "அண்ணே... பழனின்னீங்க?"

"நீதான் சொன்ன."

அந்த மனிதர் கார்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

வீட்டில் சுபா அதைப் பொருத்தினாள். கார்டுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு ஹாக்சா பிளேடு நுழையும் சந்து இருந்தது, காளை நுழைத்தே பார்த்தார். ஆனால் கரண்டு வயர் கார்டின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது. மூடி மூடவில்லை, ஒரு நூல் பத்தவில்லை. நீளத்தை மூன்று தடவை அளந்தவர் அகலத்தை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

"மூடி கெடந்துட்டுப் போகுதுண்ணே. தொறந்தே ஓடட்டும்."

ஓடியது. முதல் படத்துக்கு நாற்பது நிமிடம் என்று காட்டியது. சுபா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "விடியுறதுக்குள்ள அஞ்சும் முடிஞ்சிரும்ணே" என்றாள். அடுத்த மூச்சில் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பன்னிரண்டு நாளில் அவள் வாய்விட்டு அழுவது அதுதான் முதல் தடவை.

காளை அவள் தலைமேல் கையை வைத்தார். தனக்கும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. திறந்த பெட்டிக்குள் கார்டின் சின்ன விசிறி இரண்டும் சுற்றின. அவள் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

திரையில் கட்டடம் மேலிருந்து கீழாக நிரம்பி, கடைசி வரியும் வந்து நின்றது. வெயில் விழுந்த சுவரும் படியும் நிஜம் போலவே இருந்தன.

"முடிஞ்சிருச்சு, ஆத்தா. அடுத்தத போடு" என்றார்.