சீதாவின் தாளில் ஓடியவள்

மூக்காயியின் வலது மூக்கில் ஒரு துளை இருக்கிறது. அவள் பிறந்த மூன்றாம் நாள் குத்தியது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை இறந்து அடுத்தது பிறந்தால், அதன் மூக்கைக் குத்தி மூக்காயி என்றோ மூக்கன் என்றோ பெயர் வைப்பார்கள். ஊனப்பட்ட பிள்ளையை எமன் தொடமாட்டான் என்று நம்பிக்கை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லோருக்கும் அவள் மூக்காயி. பள்ளிக்கூடப் பதிவு இடாப்பில் மட்டும் சீதா. தாளில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்பது அங்கே பாதிப் பேருக்கு உண்டு. அதனால் அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. தனக்கு முன்னால் ஓர் அக்கா காய்ச்சலில் செத்தாள் என்று தெரியும். அந்த அக்காவின் பெயர் என்ன என்றும் கேட்டதில்லை.

அப்பா கறுப்பையா கவ்வாத்து வெட்டுபவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குச் சாய்த்து வெட்டும் அந்த வேலைக்கு வீச்சு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரே வெட்டு, மரம் பிளக்கக்கூடாது. வீட்டிலும் அவர் அப்படித்தான் அடித்தார். சத்தம் போடமாட்டார். சோற்றில் கல் கிடந்தால் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து அடிப்பார். அம்மா நல்லம்மாவின் இடது காது ஒரு தீபாவளியன்று செவிடானது. மூக்காயி நடக்கப் பழகியதும் ஓடப் பழகினாள் என்று லயத்தில் கேலியாகச் சொல்வார்கள். அது கேலி மட்டுமல்ல. அவர் கை ஓங்கும் நேரத்தில் வாசலைத் தாண்டி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையைத் தாண்டி, மேல் மலைக்கு ஏறிவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கால்களைக் கண்டுபிடித்தவர் விளையாட்டு ஆசிரியை றலியா டீச்சர். தாளில் இருந்த வயதின்படி மூக்காயியை எப்போதும் மூத்த பெண்களோடுதான் ஓடவிட்டார்கள். அவர்கள் உயரமானவர்கள். வளைவில் இடித்துத் தள்ளிவிட்டு, "ஏய் கொழுந்துக்கூட, ஓரமாப் போ" என்று சிரிப்பார்கள். பதின்மூன்று வயதில் இரண்டு முறை மைதான ஓரத்துச் சிமெந்து வடிகானில் விழுந்தாள். பதினான்கில் முழங்கையைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு விழுந்தது மற்றவர்கள்.

"ஒங்கட கால் ஓடுது சரி. அந்த முழங்கை எங்க ஓடுது?" என்பார் றலியா டீச்சர்.

"அதுவும் கூடத்தானே வரணும் டீச்சர்."

கண்டி போகம்பறை மைதானத்தில் நடந்த தெரிவுப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரை நான்கு நிமிடம் முப்பத்திரண்டு செக்கனில் ஓடி முதலாவதாக வந்தாள். கொழும்பில் எட்டு நாடுகள் கலந்துகொள்ளும் சர்வதேச கனிஷ்ட மெய்வல்லுநர் போட்டிக்குப் போகும் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. அன்று பின்னேரமே இறங்கியது. 1985 ஜனவரி முதலாம் திகதிக்குப் பிறகு பிறந்தவர்கள்தான் கனிஷ்டர்கள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் 1984 நவம்பர் பதினெட்டு என்றிருந்தது. நாற்பத்துநான்கு நாள் கூட. தாள் பிழையென்றால் மூன்று வாரத்துக்குள் சரியான தாளோடு வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

றலியா டீச்சர் பஸ் ஏறி லயத்துக்கே வந்தார். கறுப்பையா மலையில் இருந்த நேரம்.

"உண்மையச் செல்லுங்க. இந்தப் புள்ள எப்பப் பொறந்த?"

"எம்பத்தாறு ஆடியில டீச்சர்" என்றார் நல்லம்மா. வாய் முந்திவிட்டது. பிறகு முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப தாள்ல எப்பிடி எம்பத்துநாலு ஈக்கிது?"

"எழுதுனவரு தப்பா எழுதிட்டாரு."

பிழை என்றால் சத்தியக் கடதாசி முடித்துத் திருத்தலாம் என்றார் டீச்சர். அவருக்குத் தெரிந்த சமாதான நீதவான் கண்டி நகரில் இரும்புக்கடை வைத்திருந்த ராஜரத்தினம். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்கென்று சொல்லிவிட்டுத் தாயும் மகளும் புறப்பட்டார்கள். தெல்தெனிய, திகன, பல்லேகல என்று பஸ் இறங்கிக்கொண்டே போனது. நல்லம்மா மூன்று இடத்தில் வாந்தி எடுத்தார்.

ராஜரத்தினம் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். றலியா டீச்சர் ஏற்கெனவே அங்கே வந்திருந்தார். ராஜரத்தினம் சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார்.

"வருஷம் மட்டுந்தான் தப்பா? நாளும் மாசமும் நவம்பர் பதினெட்டு சரிதானா?"

"இல்லங்கையா. ஆடி மாசம்."

"அப்ப நாளு, மாசம், வருஷம் மூணையும் ஒருத்தன் தப்பா எழுதியிருக்கான். பேரையாச்சும் சரியா எழுதுனானா? ஒம் பேரு என்னாம்மா?"

அவள் யோசிக்காமல், "மூக்காயி" என்றாள்.

ராஜரத்தினம் பேனையைக் கீழே வைத்தார். அவள் மூக்கைப் பார்த்தார். அவருடைய தம்பி ஒருவருக்கும் மூக்கன் என்றுதான் பெயர்.

"மூக்காயின்னா இதுக்கு முன்னாடி ஒண்ணு தவறியிருக்கணுமே. அந்தப் புள்ள பேரு என்னாம்மா?"

நல்லம்மா சான்றிதழைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"சீதாவா?"

கடையில் ஒருவன் கம்பி நிறுத்துக்கொண்டிருந்தான். ராஜரத்தினம் அவனை வெளியே போகச் சொன்னார்.

"பொய்ச் சத்தியத்துல நான் ஒப்பம் வைக்கமாட்டேன். வச்சாலும் நிக்காது. செத்த புள்ளைக்கு இறப்புப் பதியணும். இந்தப் புள்ளைக்குப் பிறப்புப் பதியணும். ரெண்டுக்கும் நீங்கதான் சொல்லணும். என்னா வந்து செத்துச்சு?"

"காச்ச..."

"காய்ச்சல்னா தோட்டத்து டிஸ்பென்சரி புத்தகத்துல இருக்குமே. இருக்கா?"

நல்லம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எண்பத்தாறாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள். பிள்ளைக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். வயிற்றில் அடுத்தது இரண்டு மாதம். ரொட்டி கருகியதற்காகக் கறுப்பையா உதைத்தார். உதை நல்லம்மாவின் தொடையில் விழுந்தது. பிள்ளை கைநழுவி அடுப்புக்கல்லில் விழுந்தது. அழவில்லை. மூன்று நாள் பால் குடிக்காமல் கண்ணைத் திறந்தபடி கிடந்து செத்தது. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனால் கேட்பார்கள் என்று கொண்டுபோகவில்லை. மேல் மலையில் புதைத்தார்கள். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்ததும், "பொட்டப்புள்ளைக்கு ஒரு தாளு இருக்குதானே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார் கறுப்பையா.

"அப்ப நான் யாரு?" என்று மூக்காயி கேட்டாள். ராஜரத்தினம் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"எழுதவா?" என்றார் ராஜரத்தினம்.

"எழுதுனா அவர வந்து புடிப்பாங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா எழுதுனா எழுதுனதுதான்."

நல்லம்மா மகளின் கால்களைப் பார்த்தார். "எழுதுங்கையா" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பகல் இரண்டு மணி. கறுப்பையா வாசலில் குந்தியிருந்து கவ்வாத்துக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நல்லம்மா மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. பதினெட்டு வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை ஒருமுறை துப்பிய பிறகு திரும்ப விழுங்க அவரால் முடியவில்லை.

"சீதா எப்புடிச் செத்தான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

கறுப்பையா தீட்டுவதை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாருக்காக?"

"இவளுக்காக. ஓடப்போறா."

"ஓட்டந்தானே" என்று எழுந்தார். "காலு இருந்தாத்தானே ஓடுவா."

வாசல் பக்கம் அவர் நின்றார். முதல்முறையாக மூக்காயிக்கு ஓட வழி இல்லை. செடிக்கு வீசுவதுபோல் தாழ்வாக, முழங்காலுக்குக் கீழே குறிவைத்து வீசினார். நல்லம்மா குறுக்கே விழுந்து வலது கையால் கத்தியைப் பிடித்தார். கொழுந்து பிடிப்பதுபோல் பெருவிரலும் சுட்டுவிரலும் முந்திப் போயின. இரண்டும் தரையில் விழுந்தன. கறுப்பையா கத்தியை உருவி மறுபடி ஓங்கினார். மூக்காயி அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி அவர் முழங்கையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்குக் கேட்டது. கத்தி விழுந்தது. அவரும் விழுந்தார். அவள் மறுபடி அடித்தாள். அவர் கையை விரித்து, "வேணாம்டி, வேணாம்" என்று சொன்ன பிறகும் அடித்தாள். எத்தனை அடி என்று அவளுக்கு நினைவில்லை. ஒவ்வோர் அடியும் சுகமாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"போதும்டி. கொன்னுறாத" என்றார் நல்லம்மா. இரத்தம் வழியும் கையால் மகளின் கையைப் பிடித்த பிறகுதான் குழவி இறங்கியது.

பின்னால் நடந்த வழக்கில் கறுப்பையாவுக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது. அது விரல்களுக்கு. அடுப்புக்கல்லில் விழுந்த பிள்ளைக்காக யாரும் வழக்குப் போடவில்லை. மேல் மலையில் புதைத்த இடம் எதுவென்று காட்டவும் முடியவில்லை. சீதாவின் இறப்புச் சான்றிதழும் மூக்காயியின் பிறப்புச் சான்றிதழும் மூன்று வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தன. றலியா டீச்சர் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போனார்.

போட்டியன்று பலகையில் மூக்காயி கறுப்பையா என்று எழுத்து ஓடியது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நல்லம்மா பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாததால் றலியா டீச்சர் விரலால் காட்டினார்.

கடைசிச் சுற்று மணி அடிக்கும்வரை மூக்காயி நான்காவதாக ஓடினாள். இனி முன்னால் போக வேண்டும். முன்னால் இருவர், வலப்பக்கம் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி. மூவரும் சேர்ந்து அவளை உள் கோட்டோடு அடைத்தார்கள். பச்சைச் சட்டைக்காரியின் ஆணிச் சப்பாத்து மூக்காயியின் கணுக்காலைக் கீறியது. முந்நூறு மீற்றர் இருந்தது. இருநூற்றைம்பது. வெளியே போக வழி இல்லை. அந்த நெருக்கத்தில் அவளுக்கு லயக் காம்பிராவின் வாசல் ஞாபகம் வந்தது. முழங்கையை மடக்கி, பலம் முழுவதையும் சேர்த்து, பச்சைச் சட்டைக்காரியின் விலாவில் இடித்தாள். அவள் தோள் அடிபட விழுந்தாள். பின்னால் வந்தவள் அவள்மீது இடறிக் குப்புற விழுந்தாள். மூக்காயி அந்த இடைவெளியால் வெளியேறி இரண்டாவதாக முடித்தாள்.

வளைவில் நின்ற நடுவர் விதிமீறலைக் காட்டும் மஞ்சள் கொடியை உயர்த்தியபடி அசையாமல் நின்றார்.

படிக்கட்டின் கீழே கம்பி வேலி. நல்லம்மா அங்கே இறங்கி வந்திருந்தார். மகள் மூச்சு வாங்கிக்கொண்டு கிட்டே வந்ததும், இடது கையை வேலிக்கு மேலால் நீட்டிக் கன்னத்தில் அறைந்தார். வாழ்க்கையில் அவர் யாரையும் அடித்தது அன்றுதான்.

"அந்தப் புள்ள ஒனக்கு என்னாடி செஞ்சிச்சு?"

"வழிய மறிச்சாம்மா."

"ஒங்கப்பனும் அப்புடித்தான்டி சொல்லுவான். ரொட்டி கருகிருச்சும்பான்."

பச்சைச் சட்டைக்காரியைத் தூக்குப் படுக்கையில் வைத்துக்கொண்டு போனார்கள். தோள் எலும்பு முறிந்திருந்தது. அவள் வேறு பாஷையில் அழுதாள்.

ஒலிபெருக்கி மூக்காயியைத் தகுதி நீக்கியதாக அறிவித்தது. றலியா டீச்சர் ஒரு தாளோடு ஓடி வந்தார்.

"மேன்முறையீடு போட அரை மணித்தியாலம் ஈக்கிது. அவதான் மொதல்ல காலக் கீறின. காயமும் ஈக்கிது, காட்டலாம். 'நான் தள்ளல்ல, அவ தடுமாறி என்மேல விழுந்த' எண்டு எழுதுவம். ஒரு ஒப்பம் வைங்க. வெள்ளிப் பதக்கம், புள்ள!"

மூக்காயி தாளைப் பார்த்தாள். மேலே அவள் பெயர் இருந்தது. அவளுடைய சொந்தப் பெயர், சொந்தப் பிறந்த திகதி. வேலிக்கு அந்தப் பக்கம் நல்லம்மா கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். கட்டுத்துணியில் இரத்தம் கசிந்திருந்தது.

"தள்ளுனேன் டீச்சர்" என்றாள். "எழுதாதீங்க."

"பைத்தியமா ஒங்களுக்கு? இன்னொரு வருஷம் இப்பிடி வருமா?"

"வராது. ஆனா எழுதுனா எழுதுனதுதான்."

வரவும் இல்லை. அடுத்த ஆண்டு அவள் பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நல்லம்மாவால் கொழுந்து பறிக்க முடியாது; அதோடு லயத்து வீடும் போனது. வீட்டு வாடகை, மருந்து எல்லாம் அவள் தலையில். ஓட்டம் நின்றது. கைதான் உடனே நிற்கவில்லை. தொழிற்சாலையில் ஒருத்தி வரிசையில் முந்தியபோது அது தானாக மடங்கியது. அன்று கழிவறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு அது தளரும்வரை நின்றாள். அப்படிப் பலமுறை நின்றிருக்கிறாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் பாடசாலைப் போட்டி நடந்தால் நடுவர்களில் ஒருத்தியாக நிற்கிறாள். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால் கடைசி வளைவைக் கேட்டு வாங்குவாள்.

போன மாதம் கலகெதரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முதலாவதாக முடித்தாள். திரும்பிப் பார்த்தால் வளைவில் மஞ்சள் கொடி. அவள் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"நான் தள்ளல்ல அக்கா! அவ வழிய மறிச்சா! ஒங்களுக்கு என்ன தெரியும்?"

மூக்காயி கொடியை இறக்கவில்லை. "கீழ விழுந்த புள்ள எந்திரிக்க முடியாமக் கெடக்குது" என்றாள். "மொதல்ல போய் அவளத் தூக்கு. அழுவுறத அப்புறமா வந்து எங்கிட்ட அழு. நான் இங்கதான் நிப்பேன்."