சுதாவின் ஹேண்ட்பேக்கில் ஒரு கொத்து

பசிபிக் கடலுக்கு நடுவே, வாரம் ஒருமுறை மட்டும் படகு வந்துபோகும் சின்னத் தீவு. கலிபோர்னியாவின் டப்ளினிலிருந்து வந்திருக்கும் நானும் என் மனைவி சுதாவும் படகுத்துறை வரிசையில் நிற்கிறோம். ஊருக்குள் விடுவதற்குமுன் ஒரு தீவுக்காரப் பெண் எல்லோருடைய பெட்டியையும் திறந்து துழாவுகிறாள். ஒரு இலைகூட உள்ளே போகக் கூடாதாம்.

"என் ஹேண்ட்பேக்ல கருவேப்பிலை இருக்கு. நம்ம பேக்யார்டு செடிலதான் பறிச்சேன். பேசாம வாங்க" என்று சுதா கிசுகிசுக்கிறாள்.

எங்கள் பெட்டியைக் கிளறிய அந்தப் பெண், ஹேண்ட்பேக்கைத் தொடாமலே போகலாம் என்று தலையசைக்கிறாள். தப்பித்த தைரியத்தில் நான் ஆங்கிலத்தில் வாயைக் கொடுக்கிறேன்.

"இலைக்குப் போய் ஏன் இவ்வளவு கெடுபிடி?"

அவள் கரையோரம் கைநீட்டுகிறாள். வரிசையாக வெட்டிய அடிமரங்கள். நடுவில் கொசுவலை போர்த்திய ஒரே ஒரு எலுமிச்சை மரம்.

"யாரோ கொண்டுவந்த இலையில ஒரு பூச்சி வந்துச்சு. எலுமிச்சை மரமெல்லாம் பட்டுப்போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

"என்ன இலை?"

"கறிவேப்பிலையாம். நாங்க யாரும் அதைப் பார்த்ததுகூட இல்லை."

சுதா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹேண்ட்பேக்கின் ஜிப்பை அவளே இழுக்கிறாள். முதலில் வாசனைதான் வெளியே வருகிறது.

அந்தப் பெண் மூச்சை இழுத்துச் சிரிக்கிறாள்.

"நல்லா இருக்கே! என்ன வாசனை இது?"