தார் ராட்டினத்தடியில் ஒரு வாத்துக்குஞ்சு

முட்டையைக் காதோடு சேர்த்து வைத்தால், காய்ந்த ஓலையை யாரோ நகத்தால் சுரண்டுவது போல உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும், சற்று நிற்கும், அது நிற்கிற நேரத்தில் நம் மூச்சும் நின்றுவிடும். பள்ளிபாளையத்தில், காவிரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தறி வீட்டில், பிள்ளைகளா, நான் உங்கள் வயதில் இருந்தபோது கேட்ட சத்தம் அது. அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. அப்பா தரையில் வெட்டிய குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, குழித்தறியில் துண்டு நெய்வார். அவருக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது அம்மாவின் வேலை. நூல் சுற்றிய குச்சிக்குத் "தார்" என்று பேர். சுற்றுகிற சக்கரத்துக்குத் "தார் ராட்டினம்". ராட்டினம் பெண்களின் வேலை, ஆண்கள் அதைத் தொட மாட்டார்கள்.

வாத்து முட்டைகளைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம் நாலு முட்டை வாங்கி, அடையில் இருந்த எங்கள் கருங்கோழியின் அடியில் கோழி முட்டைகளோடு ஒன்றாக வைத்துவிட்டார். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட ஒரு வாரம் கூடுதலாக அடை வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கோழிக்குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்கு இறங்கிவிட்டது. வாத்து முட்டைகள் கூடையில் ஆறிக் கிடந்தன.

"கூமுட்டைங்க அண்ணி, வீசிப்போடுங்க" என்றார் சித்தப்பா.

அம்மா ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மூன்று கெட்டுப் போயிருந்தன. ஒன்றில் மட்டும் ஏதோ நிழல் அசைந்தது. அதைப் பழந்துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ராட்டினத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போக வேண்டியிருந்தால், அடுப்போரம் வெதுவெதுப்பாக வைத்திருந்த தவிட்டுப் பானைக்குள் முட்டையை இறக்கிவிட்டுப் போவாள்.

எதிர்வீட்டுப் பாவாயி அக்காள் வாசலில் நின்று சிரித்தாள். "ஏனக்கா, கோழி எறங்கிருச்சுன்னு நீயே அடை உக்காந்துட்டயா?"

"குஞ்சு வந்தா உனக்கும் ஒண்ணு பொரிச்சுத் தாரேன், போடி" என்றாள் அம்மா. கை மட்டும் நிற்காமல் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை முட்டையில் சிறு விரிசல் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் ஓட்டைப் பிய்க்கப் போனேன். "தொடாத சாமி, ரத்தம் வந்துரும்" என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள். உள்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டாமலிருக்க, வெதுவெதுப்பான தண்ணீரைத் துணி நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தாள். மாலையில் அது வெளியே வந்து விழுந்தது. கழுத்து நிற்கவில்லை. இரண்டு கால்களும் தவளையின் கால்கள் போலப் பக்கத்துக்கொன்றாக விரிந்து கிடந்தன. தாய்க்கோழியின் அருகே கொண்டுபோய் வைத்தோம். அது மூக்கைப் பார்த்து, காலைப் பார்த்து, தலையில் ஒரு கொத்துக் கொத்தியது.

மறுநாள் அம்மா கொல்லையில் தறியின் பாவு நூலுக்குப் பூசக் கஞ்சி காய்ச்சப் போன நேரத்தில், சித்தப்பா குஞ்சை எடுத்துத் தண்ணீர் நிறைந்த பித்தளைக் குண்டாவில் விட்டார். "வாத்துக்குத் தண்ணிதான்டா தாயி!" குஞ்சு மிதந்தது. நான் கை தட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதன் முதுகு நனைந்தது, பிறகு கழுத்து சாய்ந்தது, பிறகு மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்து அதை அள்ளினாள். தாய் வாத்தின் இறகிலுள்ள எண்ணெய்ப்பசை பட்டால்தான் இளங்குஞ்சின் ரோமம் நனையாதாம். அதை வாத்து மேய்ப்பவர் ஒருவர் சொல்லிப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம்.

கழிவு நூலில் பொதிந்து அடுப்போரம் வைத்தோம். குஞ்சு குளிர்ந்திருந்தது. அம்மா மூக்கைப் பிரித்து விட்ட நீர்க்கஞ்சி வெளியே வழிந்தது. சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா தறிக்குழியிலிருந்து குரல் கொடுத்தார். "அது பொழைக்காது. நாளைக்குச் சந்தை, இங்க தார் இல்லாமத் தறி நிக்குது."

அம்மா ராட்டினத்தடியில் உட்கார்ந்தாள். குஞ்சு இருந்த கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராட்டினத்தைச் சுற்றினாள். "கிர்ர்" என்று சக்கரம் ஓடியதும் கூடைக்குள்ளிருந்து, நூல் இழை போல ஒரு "கீச்". அம்மாவின் கை நின்றது. கூடையும் அடங்கிவிட்டது. மறுபடியும் சுற்றினாள், மறுபடியும் "கீச்", இந்த முறை தலையும் தூக்கியது. அம்மா மடியில் முட்டைக்குள் இருந்த நாளெல்லாம் அது கேட்டிருந்த சத்தமல்லவா அது!

ஆனால் சுற்றினால் கஞ்சி புகட்டக் கை இல்லை. புகட்டப் போனால் சக்கரம் நின்று குஞ்சு துவண்டுவிடுகிறது. ராட்டினத்தை நான் சுற்ற முயன்றேன். சக்கரம் திக்கித் திக்கி ஓடியது, குஞ்சு அதை நம்பவில்லை.

தறிக்குழியிலிருந்து அப்பா எழுந்து வந்தார். "தள்ளு" என்று ஒரு சொல்தான் சொன்னார். ராட்டினத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, தார்க்குச்சி மாட்டாத வெறும் கதிரை அம்மாவின் வேகத்திலேயே சுற்றத் தொடங்கினார்.

வாசலில் பாவாயி அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்ண்ணா, நீங்க எப்ப அடைக்கு உக்காந்தீங்க?"

"கோழிக்கும் ஆகல, என் தம்பிக்கும் ஆகல. நா உக்காந்துட்டேன், போ புள்ள."

அம்மா விரல் நுனியில் கஞ்சியைத் தொட்டுக் குஞ்சின் மூக்கில் வைத்தாள். வழிந்தது. இன்னொரு துளி வைத்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அப்பாவின் தோள் வலித்திருக்கும், ஆனாலும் குஞ்சின் ரோமம் காய்ந்து பஞ்சாகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு துண்டுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஓர் இழை அறுத்து, விரிந்த கால்கள் இரண்டையும் நடக்க இடம் விட்டுத் தளர்வாகச் சேர்த்துக் கட்டினார். சில நாளில் நூலை அவிழ்த்தபோது குஞ்சு நின்றது, விழுந்தது, எழுந்து நேரே ராட்டினத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது அந்த வீட்டில் தறிக்குழியை மூடித் தளம் போட்டாயிற்று. தெருவெல்லாம் விசைத்தறி, அருகில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. குஞ்சு பொரிக்க இயந்திரம் வந்துவிட்டது, அதுவும் நல்லதுதான். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தச் சந்தைக்கு அப்பா எடுத்துப்போக வேண்டிய துண்டுகள் நெய்து முடியவில்லை; அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் ராட்டினத்தின் முன் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.